நான் பரீட்சை எழுதின கதை
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



அழைப்பிதழில் என் பேருக்குக் கீழே "இன்சூரன்ஸ் லைசென்ஷியேட்" என்று போட்டிருக்காங்க. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, "அது என்னம்மா லைசென்ஸு, கார் ஓட்டுறதுக்கா?" என்று கேட்டாங்க. கார் இல்லை. மும்பையில் இந்தியக் காப்பீட்டுக் கழகம் என்று ஒன்று இருக்கு, 1955-லிருந்து நடக்குது. அவங்க நடத்துகிற படிப்பில் முதல் படி அது. அதுக்கு மேலே அசோசியேட், அதுக்கும் மேலே ஃபெலோ. நான் முதல் படியில்தான் நிற்கிறேன். அதில் ஏறவே எனக்கு மூணு வருஷம் ஆச்சு.

எப்படிப் படிச்சேன் என்று பேசச் சொல்லியிருக்காங்க. ஏன் படிச்சேன் என்பதைச் சொல்லாமல் அதைச் சொன்னால் பாதி பொய்யாகிவிடும். இந்த மேடையில் இதுவரை நான் அதைச் சொன்னதில்லை.

2015-இல் நான் எங்க குழுவுக்கு ஊக்குநர். பகலில் தையல். நத்தம் பக்கத்துக்காரங்களுக்குத் தெரியும், வீட்டுக்கு வீடு சட்டை தைக்கிற ஊர். அந்த வருஷம் ஒரு ஏஜெண்ட் வந்தார். குழுவில் எல்லாரும் ஆயுள் பாலிசி எடுங்க என்றார். நல்ல விஷயம்தானே என்று நானும் கூட்டத்தில் பேசினேன். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் பிளஸ் டூ படிச்சவள் என்பதால் நிரப்புகிற வேலை என்னிடம் வந்தது. ஒரு படிவத்துக்கு 50 ரூபாய் கொடுத்தார். 20 படிவம், 1000 ரூபாய். மறைக்காமல் சொல்றேன், வாங்கிக்கொண்டேன்.

படிவத்தில் ஒரு பக்கம் முழுக்க உடம்பைப் பற்றிய கேள்விகள். "அதெல்லாம் ஒண்ணும் பார்க்க வேண்டாம்மா, எல்லாத்துக்கும் நோ போடு" என்றார். போட்டேன். எங்க குழுவில் ஒரு அக்கா, பேர் வேண்டாம், அரசு ஆஸ்பத்திரியில் மாசாமாசம் சர்க்கரை மாத்திரை வாங்குகிறவங்க. எனக்கு அது தெரியும். சில மாசம் நான்தான் கூடவே போய் வரிசையில் நின்றிருக்கேன். அவங்க படிவத்திலும் "நோ" தான் போட்டேன். அவங்க கையெழுத்துப் போட்டாங்க. என்ன எழுதியிருக்கு என்று அவங்க கேட்கவும் இல்லை, நான் படித்துக் காட்டவும் இல்லை.

15 மாசத்தில் அந்த அக்கா இறந்துட்டாங்க. பாலிசி ஒன்றரை லட்சத்துக்கு. வீட்டுக்காரர் எழுதிப் போட்டார். கம்பெனியிலிருந்து விசாரிக்க ஆள் வந்து, ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துவிட்டுப் போனாங்க. கொஞ்ச நாளில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அதைப் படிக்கச் சொல்லி என்னிடம்தான் கொண்டு வந்தாங்க. எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. ஏஜெண்டுக்குப் போன் போட்டால் "கம்பெனி முடிவு, நான் என்ன பண்றது" என்றார். அதுக்கப்புறம் போனே எடுக்கவில்லை.

அந்த வீட்டில் நான் உண்மையைச் சொல்லவில்லை. "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்று ஊரே சொன்னது. நானும் தலையை ஆட்டினேன்.

அடுத்த வருஷம் ஏஜெண்ட் பரீட்சை எழுதப் போனேன். பத்தாவது படித்திருந்தால் போதும். முதலில் ஏதாவது ஒரு கம்பெனியில் பதிந்துகொள்ளணும், 25 மணி நேரப் பயிற்சி, பிறகு ஐசி-38 என்கிற தேர்வு. 50 கேள்வி, ஒரு மணி நேரம். நாலு விடையில் ஒன்றைத் தொடணும். தமிழிலும் எழுதலாம். 50-க்கு 18 வாங்கினால் பாஸ். கேட்க இவ்வளவுதானா என்று இருக்கும். நான் முதல் தடவை 16.

தோற்றதுக்குக் காரணம் படிப்பு பாதி, மவுஸ் பாதி. மதுரையில் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வைத்தாங்க. தையல் மெஷினில் ஒரு நூல் பிசகாமல் ஓட்டுகிற கை, மவுஸைப் பிடித்தால் அம்பு ஒரு பக்கம் போகுது, நான் ஒரு பக்கம் போறேன். திரும்பி வந்து இ-சேவை மையத்தில் இருக்கிற தம்பியிடம் கெஞ்சி, கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் பத்து நாள் பழகினேன். இரண்டாவது தடவை 31.

தமிழ்ப் புத்தகம் பற்றியும் ஒரு வார்த்தை. அது தமிழில் இருக்கிறதே ஒழிய, சில பக்கம் ஆங்கிலத்தைவிடக் கஷ்டம். "உச்சபட்ச நன்னம்பிக்கை" என்று ஒரு பாடம். அது என்ன என்று மூணு நாள் முட்டிக்கொண்டேன். பயிற்சிக்கு வந்த மேடம் ஒரே வரியில் சொன்னாங்க: "உனக்குத் தெரிஞ்சதை நீ மறைக்கக் கூடாது, அவனுக்குத் தெரிஞ்சதை அவன் மறைக்கக் கூடாது. ஒரு சாமான் வாங்கினா நீ புரட்டிப் பார்த்து வாங்கலாம். இன்சூரன்ஸ்ல உன் உடம்பை அவன் புரட்டிப் பார்க்க முடியாது, நீ சொல்றதை நம்பித்தான் தர்றான்." வகுப்பில் எல்லாரும் எழுதிக்கொண்டாங்க. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கம்பெனிக்காரன் ஏமாத்தினான் என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, முதல் பொய்யை எழுதினது என் கை.

ஏஜெண்ட் பரீட்சையோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டில் அதைத்தான் சொன்னாங்க. "லைசென்ஸ் வந்துடுச்சுல்ல, நாலு பாலிசி பிடி, கமிஷன் வரும்." ஆனால் அந்தப் பரீட்சை பாலிசியை எப்படி விற்கிறது என்றுதான் சொல்லித் தருது. கிளெய்ம் மறுத்தால் யாரைக் கேட்கிறது, கம்பெனிக்கு மேலே யார் என்பதெல்லாம் அதில் மேலோட்டமாகத்தான் வருது. அதுக்காகத்தான் லைசென்ஷியேட் சேர்ந்தேன். மூணு தாள் எழுதினேன்: காப்பீட்டுக் கோட்பாடுகள், ஆயுள் காப்பீட்டு நடைமுறை, காப்பீட்டுத் தொழில் ஒழுங்குமுறை. இதில் 100-க்கு 60 எடுக்கணும். 59 என்றாலும் போச்சு. மூணாவது தாளில் நான் ஒரு தடவை போனேன்.

அந்த மூணாவது தாள்தான் என்னைக் காப்பாற்றினது. ஹைதராபாத்தில் ஐஆர்டிஏஐ என்று ஒரு ஆணையம் இருக்கு. 1999-ஆம் வருஷச் சட்டத்தில் வந்தது. நம்ம குழுவுக்கு வருஷா வருஷம் தணிக்கை வருதில்லையா? தீர்மான நோட்டை எடு, ரொக்கப் புத்தகத்தை எடு, இந்தக் கடனுக்கு ஏன் கையெழுத்து இல்லை என்று கேட்கிறாங்க இல்லையா? அதே மாதிரி எவ்வளவு பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியாக இருந்தாலும் அந்த ஆணையத்து ஆட்கள் உள்ளே போய் புத்தகத்தை எடு என்று கேட்கலாம். கம்பெனியையும் கேள்வி கேட்க ஒரு ஆள் இருக்கு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். டிகிரி முடித்த பிள்ளைகள் நம்ம வீட்டில் இருக்காங்க. அந்த ஆணையம் உதவி மேலாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறப்போ தேர்வு வைக்கிறாங்க. பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளை இதையும் எழுதச் சொல்லுங்க.

அந்தத் தாளில் இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-ஆவது பிரிவு வரும். ஆயுள் பாலிசி ஓடத் தொடங்கி மூணு வருஷம் முடிந்துவிட்டால், படிவத்தில் தப்பு இருந்தது என்று சொல்லி அந்தப் பாலிசியைத் தள்ள முடியாது. மூணு வருஷத்துக்குள் என்றால் தள்ளலாம். அக்காவுக்கு 15 மாசம்தான். ஆனால் அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கு. மோசடி என்று இல்லாமல், உண்மையைச் சொல்லவில்லை என்பதற்காக மட்டும் பாலிசியைத் தள்ளினால், அதுவரை கட்டின தவணைப் பணத்தை 90 நாளுக்குள் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுக்கணும். ராத்திரி பதினோரு மணிக்கு அதைப் படித்துவிட்டுத் தூங்கவில்லை. காலையில் போய் அந்தப் பழைய கடிதத்தை வாங்கி அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். மோசடி என்ற வார்த்தையே அதில் இல்லை. தவணைப் பணமும் வந்திருக்கவில்லை.

கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குக் கடிதம் எழுதினோம். பதில் இல்லை. பதிவுத் தபாலில் இன்னொன்று. மூணாவதில், இனியும் பதில் வராவிட்டால் சென்னையில் இருக்கிற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போவோம் என்று சேர்த்து எழுதினேன். பணம் வந்தது. அரையாண்டுத் தவணை மூணு, மொத்தம் 8,610 ரூபாய்.

ஒன்றரை லட்சம் வரவேண்டிய வீட்டுக்கு 8,610. அதை வைத்துக்கொண்டு பெருமை பேச நான் வரவில்லை. அந்த வீட்டுப் பெண் அப்போ கல்லூரி முதல் வருஷம். பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அத்தை, அம்மா மாத்திரை சாப்பிடறதை எழுதியிருந்தா முழுசும் கிடைச்சிருக்குமா?"

படித்ததைச் சொன்னேன். ரத்தப் பரிசோதனை கேட்டிருப்பாங்க. தவணையைக் கொஞ்சம் கூட்டியிருக்கலாம், அல்லது வேண்டாம் என்றே சொல்லியிருக்கலாம். கொடுத்திருந்தால் முழுசும் வந்திருக்கும். கொடுக்கவில்லை என்றால் அந்தப் பணத்தையாவது வேறு எதிலாவது போட்டிருக்கலாம். அப்புறம் சொன்னேன், அந்தப் படிவத்தை நிரப்பினது நான்தான் என்று.

அவள் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்விட்டாள். ஆறு மாசம் என்னைப் பார்த்தால் வேறு தெரு வழியாகப் போனாள். அது அவள் நியாயம். இப்போ பேசுகிறாள்.

சரி, உங்களுக்குப் பயன்படுகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூணாவது வரிசையில் ஒரு தங்கச்சி உட்கார்ந்திருக்கா, அவள் சம்மதித்துத்தான் சொல்றேன். 2020-இல் அவள் வீட்டுக்காரர் இறந்தப்போ எந்தப் பாலிசியும் இல்லை என்றாள். பாஸ்புக்கைக் கொண்டு வா என்றேன். புரட்டிப் பார்த்தால் மே மாசத்தில் 330 ரூபாய் கழித்த ஒரு வரி. அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. என்றைக்கோ வங்கியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்காங்க, அவருக்கே ஞாபகம் இருந்திருக்காது. வங்கியில் முதலில் அப்படி ஒன்றும் இல்லை என்றாங்க. அந்த வரியைக் காட்டினேன். இறப்புச் சான்றிதழோடு படிவம் கொடுத்தோம். 2 லட்சம் வந்தது.

இப்போ அதுக்கு வருஷத்துக்கு 436 ரூபாய். 18 வயசிலிருந்து 50 வயசுக்குள் சேரணும், தொடர்ந்து கட்டினால் 55 வரைக்கும். விபத்துக் காப்பீடு சுரக்ஷா பீமாவுக்கு 20 ரூபாய், அது 70 வயசு வரைக்கும். இரண்டும் ஜூன் 1-லிருந்து மே 31 வரை. ஆக மே மாசக் கடைசியில் கணக்கில் 456 ரூபாய் இருக்கணும். உள்கடன் தவணைக்கு எல்லாத்தையும் வழித்து எடுத்துவிட்டு அந்த வாரம் கணக்கைக் காலியாக வைக்காதீங்க. உங்க கணக்கில் வாரிசுதாரர் பேர் யார் என்றும் பாருங்க. போன மாசம் ஒரு குழுவில் பார்த்தேன், 12 பேரில் மூணு பேருக்கு வாரிசு செத்துப்போன மாமியார்.

எடுத்த பாலிசி பிடிக்கவில்லை என்றால் பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். கிளெய்ம் மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் கொடுக்கணும். ஒரு மாசத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. ஆனால் ஒரு வருஷத்துக்குள் போகணும். கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வைத்துவிட்டு இரண்டு வருஷம் கழித்து என்னிடம் கொண்டு வராதீங்க.

2024 டிசம்பரிலிருந்து எல்ஐசியில் பீமா சகி என்று பெண்களுக்கு மட்டும் ஒரு திட்டம் வந்திருக்கு. பத்தாவது போதும். முதல் வருஷம் மாசம் 7000, அடுத்தது 6000, அடுத்தது 5000 உதவித்தொகை. ஆனால் சும்மா வராது, குறிப்பிட்ட எண்ணிக்கை பாலிசி பிடிக்கணும், பிடித்தது பாதியில் நிற்காமலும் ஓடணும். நம்ம கூட்டமைப்பில் ஆறு பேர் சேர்ந்திருக்காங்க. அவங்களும் ஐசி-38 எழுதணும். சனிக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுத் திண்ணையில் அதுக்குப் படிக்கிறோம். தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு எட்டு பேர் உட்காரலாம்.

அந்த ஆறு பேருக்கும் முதல் நாளே ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னேன். உடம்பைப் பற்றிய பக்கம் வந்ததும் ஒரு பிள்ளை, "எல்லாத்துக்கும் நோ தானே அக்கா?" என்றது. அந்தக் கேள்வியை ஒவ்வொன்றாகத் தமிழில் சத்தமாகப் படித்துக் காட்டி, எதிரில் இருக்கிறவங்க வாயால் பதில் சொன்ன பிறகுதான் பேனா தாளில் படணும் என்று வைத்திருக்கிறோம். ஒரு படிவத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகுது. மாசத்துக்கு எண்ணிக்கை குறையத்தான் செய்யும். போன வாரம் ஒரு அக்கா, "இவ்வளவு கேக்குறீங்களே, போலீஸா?" என்று கோவித்துக்கொண்டு எழுந்து போனாங்க. அப்புறம் அவங்களே பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாங்க.

சாப்பாட்டுக்கு நேரமாச்சு என்று செயலாளர் அக்கா கடிகாரத்தைக் காட்டுறாங்க. சாப்பிட்ட பிறகு அந்த வேப்பமரத்தடியில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். பாலிசிப் பத்திரம், பாஸ்புக், கம்பெனிக் கடிதம் எது கொண்டு வந்திருந்தாலும் எடுத்துக்கொண்டு வாங்க.