காந்தி கொலை வழக்கும் கண்கண்ட சாட்சியும்

(காரியாபட்டி பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



காந்திஜி கொல்லப்பட்ட நாளை நினைவுகூரக் கூடியிருக்கிறோம். அந்தக் கொலையின் அரசியலை முன்னால் பேசிய தோழர்கள் விளக்கிவிட்டார்கள். நாம் வேறொரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம். "கண்ணால் கண்டேன்" என்று ஒரு மனிதன் சொன்னால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இது வக்கீல்களுக்கு மட்டுமான கேள்வி என்று எண்ணிவிடாதீர்கள்.

1948 ஜனவரி 30 மாலை. தில்லியில் பிர்லா மாளிகைத் தோட்டம். பிரார்த்தனைக்கு ஏராளமான ஜனங்கள் வந்திருந்தார்கள். வெளிச்சம் போகவில்லை. நாதுராம் கோட்சே நேருக்கு நேர் நின்று சுட்டான், அங்கேயே பிடிபட்டான். இதைவிடத் தெளிவான கொலை உண்டா?

ஆனால் கேளுங்கள். கோர்ட் கண்டது மூன்று குண்டு. அங்கே நின்றிருந்த அமெரிக்க எழுத்தாளர் வின்சென்ட் ஷீன் நான்கு சத்தம் கேட்டதாக எழுதினார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வெடிச் சத்தத்தோடு வாழ்கிற நம் வட்டாரத்தில், பட்டாசு ஆலையில் விபத்து நடந்த பிறகு எத்தனை முறை வெடித்தது என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள்.

கோட்சேயைப் பிடித்தது யார்? தோட்டக்காரர் ரகு நாயக் என்றார்கள். ஒரிசாவிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி அவர். இல்லை, அமெரிக்கத் தூதரக அதிகாரி ஹெர்பர்ட் ரெய்னர் என்று பத்திரிகைகள் எழுதின. விமானப்படை வீரர் ஒருவர் என்றும் சொன்னார்கள். இவர்களில் எவரும் பொய்யர் என்று நாம் சொல்லவில்லை. அந்த நெரிசலில் பல கைகள் விழுந்திருக்கும். அவரவர் கண்ணுக்குத் தெரிந்தது அவரவருக்கு.

இதைவிட ஆபத்தானது ஒன்று நடந்தது. மவுண்ட்பேட்டன் வந்து இறங்கியபோது, கொன்றவன் முஸ்லிம் என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். அவன் எதைப் பார்த்தான்? ஒன்றையும் பார்க்கவில்லை. மனதில் ஏற்கனவே இருந்த முகத்தைக் கொலைகாரன்மேல் ஒட்டினான். கொன்றவன் இந்து என்பதை வானொலி அன்று மாலையே சேர்த்துச் சொல்லாமல் விட்டிருந்தால் எத்தனை தெருக்கள் எரிந்திருக்கும்!

சுட்டவன் கையோடு பிடிபட்டான், சரி. கூட்டாளிகளை எப்படி அடையாளம் கண்டார்கள்? ஜனவரி 20 அன்று, அதாவது பத்து நாள் முன்பே, அதே மாளிகையில் குண்டு வெடித்தது. அன்று அவர்களை ஏற்றிச் சென்ற டாக்சி டிரைவர் சுர்ஜித் சிங் சாட்சி சொன்னார். காரில் ஏற்றி, காத்திருந்து, திரும்பவும் ஏற்றிச் சென்றவர் அவர். ஓடுகிறவன் முதுகைப் பார்த்தவரல்ல. மரினா ஓட்டலில் 'தேஷ்பாண்டே' என்ற பொய்ப் பெயரில் அறை எடுத்திருந்தான் கோட்சே. அங்கே சலவைக்குப் போட்ட துணியிலோ 'என்.வி.ஜி.' என்ற எழுத்து இருந்தது. நாதுராம் விநாயக் கோட்சே! பதிவேட்டில் பொய் எழுதலாம், அழுக்குத் துணி பொய் சொல்லவில்லை. அந்தக் குறியை உடனே பின்தொடர்ந்திருந்தால் காந்திஜி பிழைத்திருக்கலாம்.

பம்பாயில் தலைமை மாஜிஸ்ட்ரேட் ஆஸ்கார் பிரௌன் அடையாள அணிவகுப்பு நடத்தினார். போலீசார் நடத்தாமல் மாஜிஸ்ட்ரேட் ஏன் நடத்த வேண்டும்? இங்கேதான் நம் கதை வருகிறது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பஞ்சாலையில் வேலைநிறுத்தம். ஊர் பெயர் வேண்டாம். இரவில் கல்வீச்சு நடந்ததாக வழக்கு. எங்கள் தோழர் ஒருவரைப் பிடித்தார்கள். அணிவகுப்பில் ஆலைக் காவலாளி நேராக வந்து அவர் தோளைத் தொட்டார். தோழர் நாற்பத்தேழு நாள் சிறையில் இருந்தார், வேலையும் போயிற்று. கோர்ட்டில் எங்கள் வக்கீல் ஒரே கேள்வி கேட்டார்: "இவரை இதற்கு முன் எங்கே பார்த்தீர்கள்?" காவலாளி சூதுவாது தெரியாதவர். "முந்தின நாள் ஸ்டேஷனில் காட்டினார்களே, ஐயா" என்றார். வழக்கு அத்தோடு சாய்ந்தது. பிறகு டீக்கடையில் எங்களிடமே சொன்னார்: "முகம் எங்கே தெரிந்தது, அண்ணே? கல் எறிந்தவன் பச்சை லுங்கி. ஸ்டேஷனில் இவரும் பச்சை லுங்கி கட்டியிருந்தார்."

தோழர்களே, அவர்மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவரும் சம்பளத்துக்கு நிற்கிற மனிதர். சாட்சிக்கு முன்கூட்டியே ஆளையோ போட்டோவையோ காட்டிவிட்டால் அந்த அணிவகுப்புக்கு மதிப்பில்லை என்பது சட்டம். ஆகவே பிடிபட்டால், அணிவகுப்பு முடியும்வரை துண்டால் முகத்தை மூடிக்கொள்ள அனுமதி கேளுங்கள். யாராவது வந்து உங்களைப் பார்த்துவிட்டுப் போனால் அதை மாஜிஸ்ட்ரேட்டிடம் சொல்லி, எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கும் மற்றவர்கள் வயதிலும் தோற்றத்திலும் உங்களைப் போல் இல்லையென்றால் அப்போதே ஆட்சேபியுங்கள். நீங்களே சாட்சியானால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

பச்சை லுங்கித் தோழர் இப்போது சிவகாசியில் பட்டாசு வேலை பார்க்கிறார். இந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.