எண்ணெயும் அட்டையும் சந்திக்கும் இடம்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மாலையில் வேலை முடிந்து வீடு திரும்புகிறோம். விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, பிள்ளைகள் பாடப் புத்தகத்தை விரிக்கின்றனர். இவ்வளவுக்கும் துணையாகத் தோட்டத்தின் ஓரத்தில், வேலிக்குள், ஓர் இரும்புப் பெட்டி இரவும் பகலும் முனகிக்கொண்டு நிற்கிறது. அதுவே மின்மாற்றி. 11,000 வோல்ட் அழுத்தத்தில் வரும் மின்சாரத்தை வீட்டுக்கு உகந்த 230 வோல்ட்டாகக் குறைத்துத் தருவது அதன் பணி. அப்பெட்டியின் உள்ளே நிகழும் ஒரு போராட்டத்தைப் பற்றியே இன்று நாம் பேசவிருக்கிறோம்.

பெட்டிக்குள் கம்பிச் சுருள்கள் உள்ளன. அவற்றின்மேல் காகிதம் சுற்றப்பட்டிருக்கும். இடையிடையே, மரநாரைக் கூழாக்கி அழுத்திச் செய்த கெட்டியான அட்டை வைக்கப்பட்டிருக்கும். இவையனைத்தும் எண்ணெயில் மூழ்கியிருக்கும். எண்ணெய் வெப்பத்தை வெளியே கொண்டு செல்கிறது. அட்டையோடு சேர்ந்து மின்சாரம் தடம் மாறிப் பாயாமலும் காக்கிறது. ஆகவே அங்கே காவலர் இருவர்: ஒருவர் எண்ணெய், மற்றவர் அட்டை.

இருவரும் தனித்தனியே வல்லவர்களே. தூய்மையாக்கி உலர்த்திய நல்ல எண்ணெய், 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் 60,000 வோல்ட்டுக்கு மேலும் தாங்கும். எண்ணெயில் நன்கு ஊறிய அட்டை அதனினும் வலியது. எனினும் இவ்விருவரும் சந்திக்கும் எல்லையிலேதான் பெரும்பாலும் ஆபத்து பிறக்கிறது. காரணம் யாது?

ஒரு மூட்டையைக் கழியில் கட்டி இருவர் தூக்கிச் செல்வதாகக் கொள்வோம். மூட்டை நழுவி ஒருவர் பக்கம் சாய்ந்தால் அவர் தோளுக்கே பாரம் அதிகம். மின் அழுத்தமும் இவ்வாறே பங்கிடப்படுகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் மின்காப்பு மாறிலி என ஓர் எண் உண்டு. எண்ணெய்க்கு அது 2.2, எண்ணெயில் ஊறிய அட்டைக்கு ஏறத்தாழ 4.4. எண் குறைந்த பொருளின்மீதே பாரம் மிகுதியாகச் சாய்கிறது. ஆகவே வலிமை குறைந்த எண்ணெய், அட்டையைப்போல் இரு மடங்கு பாரத்தைச் சுமக்க நேர்கிறது!

இந்நிலையில் அட்டையின் ஓரத்தில் ஒரு நீர்த்துளியோ, காற்றுக் குமிழியோ, அறுந்த நார்த் துணுக்கோ தங்கிவிட்டால் போதும். பிற்பகல் இடிமழையில் மின்னல் கம்பியைத் தாக்கி அழுத்தம் திடீரென உயரும்போது அவ்விடத்தில் சிறு பொறி எழும். அதனை மின்னிறக்கம் என்பர். அது அட்டையின் மேற்பரப்பிலே ஊர்ந்து செல்லும். அதன் சூட்டினால் அட்டையின் நுண்துளைகளிலுள்ள ஈரமும் எண்ணெயும் ஆவியாகி, முதலில் வெண்ணிறத் தடங்கள் தோன்றும். பின்னர் அட்டை கருகிக் கரியாகும். கரி மின்சாரத்தைக் கடத்தும்; எனவே அடுத்த பொறி அவ்வழியே இன்னும் சற்றுத் தூரம் செல்லும்.

இவ்வாறு கிளைவிட்டுப் படரும் தடம் மரத்தின் வடிவைக் கொண்டிருக்கும். 1777ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் லிக்டன்பெர்க் பிசின் தகட்டின்மீது தூசியில் கண்ட கிளைவடிவமும் இதற்கு உறவுடையதே. ஆனால் மின்மாற்றியினுள் வளரும் மரத்தின் கனி தீ. பல மாதங்கள் ஓசையின்றி வளர்ந்து, ஒருநாள் ஒரு முனையிலிருந்து மறுமுனையை எட்டியதும் பெட்டியே வெடிக்கலாம்.

இதற்கு முதற்பகை ஈரம். பெட்டிக்குள் புகும் நீரில் மிகப் பெரும் பகுதியை அட்டையும் காகிதமுமே உறிஞ்சிக்கொள்கின்றன. எண்ணெய் தெளிவாகத் தோன்றினும் உள்ளே அட்டை நனைந்திருக்கக்கூடும். ஆதலால் பொறியாளர்கள் எண்ணெயில் கரைந்துள்ள வாயுக்களையும் சோதிக்கின்றனர். ஹைட்ரஜன் மிகுந்தால் சிறு பொறிகள் எழுகின்றன என்றும், அசெட்டிலீன் காணப்பட்டால் கடும் பொறி பறந்திருக்கிறது என்றும் ஊகிக்கின்றனர்.

செம்பனை வெட்டும் நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியும் உண்டு. கனிம எண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெய் நிரப்பிய மின்மாற்றிகள் 1990களின் இறுதியிலிருந்து வழங்கி வருகின்றன. செம்பனை எண்ணெயிலிருந்து பெறும் எஸ்டரை ஜப்பானியர் மின்மாற்றியில் பயன்படுத்தியுள்ளனர். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஆய்ந்து வருகின்றன. இத்தகைய திரவங்களின் மாறிலி ஏறத்தாழ 3. அது அட்டையின் எண்ணுக்குச் சற்று நெருங்கி வருவதால் பாரம் முன்னைவிடச் சமமாகப் பங்கிடப்படுகிறது. குறையும் உண்டு. மிக உயர்ந்த அழுத்தத்தில் பொறி எழுந்துவிட்டால், கனிம எண்ணெயைவிட இவற்றில் அது எளிதில் வேகம் பெற்றுவிடுகிறது. எனவே ஆய்வு தொடர்கிறது.

அன்பர்களே, பெட்டியைத் திறந்து பார்ப்பது நம் வேலையன்று. உரிய பொறியாளர் வேலை. நம் கடமை வேறு. எண்ணெய் கசிந்தாலும், வழக்கமான முனகல் மாறிப் படபடவென ஓசை கேட்டாலும், உடனே தோட்ட அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். எண்ணெய் வெளியேறும் வழியே காற்றும் ஈரமும் உள்ளே புகும் வழியாகிவிடலாம் என்பதை மறவாதீர். வேலியில் ஆடு மாடுகளைக் கட்டலாகாது, துணி உலர்த்தலாகாது, பிள்ளைகள் கல்லெறிய இடந்தரலாகாது. தீப்பற்றினால் நீர் ஊற்றாமல் விலகி நின்று தீயணைப்புப் படையை அழைக்க வேண்டும்.

இன்னொன்றை வற்புறுத்திச் சொல்கிறோம். கசியும் எண்ணெயை மூட்டுவலிக்குத் தேய்க்கவோ, அடுப்பு மூட்டவோ எவரும் எடுக்கக் கூடாது. பழைய மின்மாற்றிகள் சிலவற்றில் பி.சி.பி. என்னும் நச்சுப்பொருள் கலந்திருந்தது. அதனை ஒழிக்க 2001ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்தன. கண்ணால் பார்த்து அந்நஞ்சை அறிய இயலாது.

காவலர் இருவர் நின்றாலும் அவர்களுக்கிடையே ஒரு துளி ஈரம் புகுந்தால் காவல் குலைகிறது. அத்துளி புகாதபடி விழித்திருப்போமாக. நம் வீட்டு விளக்குகள் அணையாதிருக்கட்டும்.