மருந்து விலையும் மேல்முறையீட்டுத் தீர்ப்பும்
(மருத்துவ உதவிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மருத்துவ உதவிக் கூட்டத்தில் கோர்ட் தீர்ப்பைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். உதவி மனுக்களைப் பிரித்துப் படிக்கும் எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஆபரேஷன் செலவை ஊர் கூடித் திரட்டிவிடலாம். ஆயுள் முழுக்க வாங்க வேண்டிய மருந்துக்குத்தான் நம் கை எட்டுவதில்லை.

எஸ்.எம்.ஏ. என்கிற தசைச் சிதைவு நோயைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தாய், தகப்பன் இருவரிடமும் வெளியே தெரியாமல் இருக்கும் மரபணுக் குறை பிள்ளையிடம் வந்து சேர்ந்தால் வரும் நோய். (சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்யும் நம் குடும்பங்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். அது தனிப் பேச்சு.) இதற்கு வாய்வழியாகக் கொடுக்கும் மருந்து ரிஸ்டிப்லாம். ரோஷ் கம்பெனியின் பாட்டில் ஒன்று 6 லட்சம் ரூபாய்க்கு மேல். 20 கிலோ எடையைத் தாண்டிய பிள்ளைக்கு அது 12 நாள்தான் வரும். வருடத்துக்கு 30 பாட்டில் என்றால் 1.8 கோடிக்கு மேல் ஆகிறது.

ஐதராபாத்தின் நாட்கோ கம்பெனி அதே மருந்தைக் குறைந்த விலைக்குத் தர முன்வந்தது. 2035 வரை காப்புரிமை எங்களுடையது, தடை போடுங்கள் என்று ரோஷ் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2025 மார்ச்சில் தனி நீதிபதி மறுத்தார். மேல்முறையீட்டில் அக்டோபர் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வும் மறுத்தது. முந்தைய காப்புரிமை ஒன்றில் சொல்லப்பட்ட வேதிப்பொருளுக்கும் இதற்கும் வேறுபாடு மிகச் சிறியது. இரண்டுக்கும் பொதுவான கண்டுபிடிப்பாளரும் இருக்கிறார். ஆகவே இந்தக் காப்புரிமை செல்லுமா என்பதே நியாயமான கேள்வி என்றது அமர்வு. அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. நாட்கோவின் பாட்டில் 15,900 ரூபாய்க்குக் கடைக்கு வந்தது.

ஒன்றை மறக்கக் கூடாது. இது இடைக்காலத் தடை பற்றிய தீர்ப்பு மட்டுமே. காப்புரிமை ரத்தாகிவிட்டதாக யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம்.

இதற்கு முன்னோடி வழக்கு நம் சென்னையில் தொடங்கியது. கிளிவெக் என்கிற ரத்தப் புற்றுநோய் மருந்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006இல் சென்னை காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தெரிந்த மருந்துக்குப் புது வடிவம் கொடுத்தால் போதாது, குணப்படுத்தும் ஆற்றலும் கூடியிருக்க வேண்டும் என்பது சட்டத்தின் 3(டி) பிரிவு. கண்டுபிடித்தவருக்குக் கூலி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சட்டம் 20 ஆண்டு கொடுக்கிறது. அதன் வாலில் இன்னொரு 20ஐ ஒட்டவைப்பதில்தான் தகராறு.

15,900 என்றாலும் வருடத்துக்கு 4,77,000 ரூபாய். நம் நிதி மட்டும் தாங்காது. அரிய நோய்களுக்கான மத்திய அரசின் 2021ஆம் ஆண்டுக் கொள்கையின் கீழ், அதற்கென ஒதுக்கப்பட்ட அரசு மருத்துவமனைகள் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. முதலில் அங்கே பதிவு செய்யுங்கள். எங்களிடம் மனு தரும்போது, மருந்தின் கம்பெனிப் பெயரோடு மூலப்பெயரையும் டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள். அதே மருந்து வேறு கம்பெனியில் கிடைக்கிறதா என்று விசாரித்த பிறகு வசூலைத் தொடங்கலாம்.