பாடும் மாணவர்க்குப் பொருள் தருவார் யார்?

(திருக்காட்டுப்பள்ளியில் தமிழன்பரிடையே நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



காவிரியினின்று குடமுருட்டி பிரியும் இவ்வூர் பாட்டுக்குப் புதியதன்று. ஞானசம்பந்தர் மேலைத் திருக்காட்டுப்பள்ளியைக் கொல்லிப் பண்ணிற் பாடினார். நாவுக்கரசர் குறுந்தொகையாற் பாடினார். அக் கொல்லிப் பண்ணுக்கு இற்றை இசையரங்கில் வழங்கும் பெயர் நவரோசு. நவரோசு என்பதோ பாரசீகரின் புத்தாண்டு நாள்! பண் பிறந்த வீட்டில் அதன் பெயருக்குக்கூடத் தங்க இடமில்லை.

பெயர் போனது எவ்வாறு? பாடுவோர்க்குச் சோறிட்ட கை மாறியது. பாட்டின் மொழியும் மாறியது. இதுவே இன்றைய பொழிவின் பொருள்.

தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டைக் காண்க. திருப்பதியம் பாடும் பிடாரர் 48 பேர், உடுக்கை வாசிப்பான் ஒருவன், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவன், ஆக 50 பேர்க்கு ஆள் ஒன்றுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல்லை நிவந்தமாக வைத்தான் இராசராசன். ஒருவன் இறந்துபடின் அவனுக்கு அடுத்த முறையினன் அந்நெல்லைப் பெற்றுப் பாடவேண்டும். அவன் தகுதியற்றவனாயின் தக்கான் ஒருவனை அமர்த்தவேண்டும் என்றும் விதித்தான். ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே இசைநல்கைக்கு இத்துணைத் தெளிவான நெறி தமிழனிடம் இருந்தது!

பின்னர் நாயக்கரும் மராட்டியரும் தஞ்சையை ஆண்டனர். அரண்மனை நெல் தெலுங்குக்கும் வடமொழிக்கும் அளக்கப்பட்டது. புலவனையும் பாணனையும் பழிப்பதில் பயன் இல்லை. பசி மொழியறியாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நிலையைத் தன் கைப்பொருளால் மாற்ற முனைந்தவர் ஆபிரகாம் பண்டிதர். சாம்பவர்வடகரையில் 1859-இல் பிறந்தவர். தஞ்சைக்கு வந்து பள்ளியாசிரியராய்ப் பணியாற்றினார். அப்பணியை விட்டுச் சித்த மருத்துவத்தில் இறங்கிப் பொருள் ஈட்டினார். ஈட்டியதை எங்கே கொட்டினார்? இசையில்! 1912-இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாசன சங்கத்தைத் தோற்றுவித்தார். (பெயர் வடமொழியாயினும் உள்ளீடு தமிழ் என்க.) அடுத்த சில ஆண்டுகளில் ஏழு இசைமாநாடுகளைக் கூட்டினார். செலவு அவருடையது. 1916-இல் பரோடாவில் நடந்த அனைத்திந்திய இசைமாநாட்டிற்குச் சென்று, சிலப்பதிகாரத்து ஆயப்பாலையும் வட்டப்பாலையும் காட்டும் அலகுமுறையை எடுத்துரைத்தார். 1917-இல் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட கருணாமிர்த சாகரத்தைத் தம் அச்சகத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார். 1919-இல் மறைந்தார். அரசும் பல்கலைக்கழகமும் செய்யவேண்டியதை ஒரு மருந்துப்பெட்டி செய்தது!

அடுத்து அண்ணாமலை அரசர். 1929-இல் தோன்றிய அவர்தம் பல்கலைக்கழகத்தில் இசை பயிற்றப்பட்டதாயினும், மாணவர் கற்ற உருப்படிகளுட் பெரும்பாலன பிறமொழியின. பிழையைக் கண்ட அரசர் தமிழ்ப் பாடல்களை இயற்றுதற்கும் சுரப்படுத்தி நூலாக்குதற்கும் பரிசளித்தற்கும் பொருள் ஒதுக்கினார். 1941-இல் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூடிற்று. அவ்வளவே! அவ்வாண்டு திசம்பரிலேயே சென்னைச் சங்கீத வித்துவத் சபை, மொழியைக் கருதி இசையின் தரத்தைத் தாழ்த்தலாகாது எனும் பொருள்படத் தீர்மானம் இயற்றியது. தமிழிற் பாடினால் தரம் தாழுமாம்! 1946-இல் இங்கிருந்து கூப்பிடு தொலைவிலுள்ள திருவையாற்றில், தியாகராசர் விழா மேடையில் தண்டபாணி தேசிகர் தமிழிற் பாடியதற்கு எழுந்த சினத்தைப் பெரியாரின் குடிஅரசு கண்டித்தெழுதியதை முதியோர் மறந்திரார். ஆயினும் பொருள் வந்த வழியில் பயிர் முளைத்தது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது; அதன் கல்லூரியில் பயின்று 1949-இல் இசைமணிப் பட்டம் பெற்ற மாணவரே சீர்காழி கோவிந்தராசன். மாணவன் ஒருவனுக்கு இடப்பட்ட விதை எத்துணை மேனி கண்டது என்பதற்கு அவர் குரலே சான்று.

கடல் கடந்தும் இஃதுண்டு. பின்லாந்து உருசியப் பேரரசின்கீழ் இருந்த 1897-இல், அந்நாட்டு ஆட்சிமன்றம் சிபேலியசு எனும் இளம் இசைப்படைப்பாளிக்கு ஆண்டுதோறும் உதவிப்பணம் தர முடிவு செய்தது. ஈராண்டில் அவர் 'பின்லாந்தியா'வைப் படைத்தார். அடிமைப்பட்ட சிறுநாடு தன் இளைஞனுக்குச் சோறிட்டது. அவன் அந்நாட்டுக்குக் குரல் கொடுத்தான்.

இற்றைநாள் நிலை யாது? நடுவணரசின் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 அகவை வரையிலான இளங்கலைஞர்க்குத் திங்கள்தோறும் 5,000 உருபா, ஈராண்டுக்கு உதவித்தொகை தரும் திட்டம் ஒன்றை வைத்துள்ளது. தக்கார் விண்ணப்பிக்கவேண்டும், வேண்டா என்பார் இலர். ஆனால் அஃது ஆசானிடம் முன்னதைப் பயிலத் தரும் பணம். தானே சொல்லெழுதித் தானே பண்ணமைத்துப் பாட விரும்பும் மாணவனுக்கு அதில் வழியில்லை. அவனுக்கு வேண்டியவை சிறியவை: ஒலிப்பதிவுக்கூட வாடகை, தவிற்காரர்க்கு நாட்கூலி, தஞ்சைக்கும் திருவையாற்றுக்கும் பேருந்துக் கட்டணம், ஒரு கருவி. நரசிங்கம்பேட்டையில் ஆச்சாமரத்தில் கடையும் நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியே! அதை வாங்கி ஓர் ஏழை மாணவன் கையிற் கொடுப்பார் எவர்?

இங்கே தமிழியக்கத்தார் தம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கவேண்டும். கூட்டந்தோறும் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட ஒரு கல்லூரி மாணவன் அழைக்கப்பெறுகின்றான். பாடி முடித்ததும் தோளில் ஒரு துண்டு. கடைசிப் பேருந்தும் போனபின் அவன் நடந்து வீடு சேர்வதை எவரும் எண்ணுவதில்லை. ஒலிபெருக்கிக்காரனுக்கு வாடகை உண்டு, பந்தற்காரனுக்கு உண்டு, பாடினவனுக்கு மட்டும் தமிழ்ப்பற்று! அவன் நாளை கலப்புமொழியில் மெட்டுக்குச் சொல் அடுக்கிப் பிழைக்கப் போனால் அவனைத் தூற்றுதல் எவ்வகையில் நேர்மை?

ஆகவே இவ்வூரிலிருந்தே தொடங்குதல் தகும். களத்தில் நெல்லளக்கும்போது ஊர்த்தொழிலாளர்க்கும் கோயிலுக்கும் பங்கு ஒதுக்கிய மரபு காவிரிக்கரையாருக்கு உண்டு. அதுபோன்றே சம்பா அறுவடையில் ஏக்கருக்கு ஒரு மரக்கால் பாட்டுக்கென ஒதுக்கட்டும். நிலமில்லாதார் கையிலுள்ள சில்லறையைத் தரட்டும். திரள்வதை ஆண்டுக்கு இரண்டு மூன்று மாணவர் குழுக்களுக்கு முன்பணமாகவே தருக. செலவழித்துவிட்டு வா, பின்னர்ப் பார்ப்போம் என்பது இல்லாதவனிடம் சொல்லும் சொல்லன்று.

கட்டுப்பாடு ஒன்றே: பாட்டு தமிழாயிருத்தல் வேண்டும், மாணவர்தம் சொந்தப் படைப்பாயிருத்தல் வேண்டும். கொடுத்தவர் பெயரைப் பல்லவியில் வைக்கச் சொல்லலாகாது. இயக்க முழக்கத்தையும் திணிக்கலாகாது. இதனைச் சிலர் ஏலார். ஆயினும் அரண்மனைப் புகழ்ப்பாட்டை இகழ்ந்தவர் தமக்கொரு புகழ்ப்பாட்டை விலைக்கு வாங்குதல் நகைப்புக்கிடம். பறையா, நாகசுரமா, மேலைக்கருவியா என்பது படைப்போர் விருப்பம். ஒரு முயற்சி தோற்றால் பணத்தைத் திருப்பிக் கேட்டல் வேண்டா. விளையாத ஆண்டில் விதைநெல்லை நிலத்தினிடம் எவன் கேட்டான்?

மற்றொன்று. நடவு எந்திரம் வயலில் இறங்கியபின் நடவுப்பாட்டு அருகி வருகின்றது. முதுமகளிர் நெஞ்சில் இருப்பதைப் பதிந்து, அதன் வழியில் புதுப்பாட்டு அமைக்க வரும் மாணவர்க்கு முதலிடம் தருக. பாடிக்கொடுக்கும் மூதாட்டிக்கும் அன்றன்றைக்கே நாட்கூலி தரவேண்டும். அவர் பெயரும் பதிவில் இடம்பெற வேண்டும். ஏட்டிலேற்றியவர் பெயர் நிலைத்துப் பாடியவள் பெயர் மறைந்த இழிவு இனியும் தொடர்தல் ஒவ்வாது.

வரவுசெலவுக் கணக்கை மாசித் திங்களில் தீயாடியப்பர் கோயில் முன்றிலில் ஊரறியப் படிக்கலாம். அன்றே மாணவர் தம் பாட்டையும் பாடிக்காட்டலாம். பெயர் கொடுப்பதற்கான குறிப்பேடு வாயிலருகே வைக்கப்பெற்றுள்ளது. முன்வரிசையில் அமர்ந்திருப்போர் முதலில் எழுந்து செல்க.