குருவி எங்கேடா போச்சு?

(ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழில் அனுபவம் ஏதாவது சொல்லுப்பா" என்றார் செயலாளர். நான் ஒரு சினிமாவில் ஆரம்பிக்கிறேன்; பொறுத்தருள வேண்டும்.

2010 அக்டோபர் 1-ஆம் தேதி 'எந்திரன்' வெளியானது. நாங்கள் இறுதியாண்டு. அன்று வகுப்பில் எத்தனை பேர் இருந்தோம் என்று ஆசிரியர்கள் தயவுசெய்து கேட்க வேண்டாம்! எட்டு வருஷம் கழித்து, 2018 நவம்பர் 29-இல் அதன் தொடர்ச்சியாக '2.0' வந்தது. முதல் படத்தின் வசனத்தில் பங்கு கொண்ட சுஜாதா அதற்குள் இல்லை. இதில் ஜெயமோகன் எழுதினார். எடுத்த படத்தைப் பின்னால் முப்பரிமாணமாக மாற்றாமல், முப்பரிமாணக் கேமராவிலேயே நேரடியாக எடுத்தார் இயக்குநர் ஷங்கர். கணினி வரைகலை வேலை இழுத்துக்கொண்டே போக, 2017 தீபாவளிக்கு என்றது அடுத்த வருஷம் நவம்பர் ஆனது. நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட் மாதிரிதான்.

கைபேசிகள் ஒன்றுகூடி ராட்சதப் பறவையாக எழுந்தபோது தியேட்டரே கைதட்டியது. கதையில் முதல் படத்தின் உயிர் இல்லை என்று குறைப்பட்டவர்களும் உண்டு. கைபேசி நிறுவனங்களின் சங்கமோ, டவர் அலைகள் பறவைகளைக் கொல்வதாகக் காட்டுவது அறிவியலுக்கு மாறானது என்று படம் வெளிவருமுன்பே தணிக்கை வாரியத்தில் புகார் கொடுத்தது.

எனக்கு வந்த புகார் வேறு. நான் டவர் வேலை பார்ப்பவன். இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா கேட்டாள்: "ஏண்டா, நீ ஏத்தி வைக்கிற டவராலதான் குருவியெல்லாம் செத்துச்சா?"

"படம்மா அது" என்று சிரித்தேன். 2012 செப்டம்பர் முதல் நம் நாட்டில் அனுமதிக்கும் அலை அளவு, சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்குதான் என்று விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டாள். பிறகு, "சரி, அப்போ குருவி எங்கேடா போச்சு?" என்றாள்.

பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன். 2020-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுதும் பார்த்தால் சிட்டுக்குருவி குறையவில்லை, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மட்டும் குறைகிறது என்கிறது. கூடு கட்ட இடுக்கு இல்லை, குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி இல்லை என்பவையே முக்கியக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. டவர்தான் காரணம் என்பதற்குத் தக்க சான்று இல்லை.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கள் பழைய ஓட்டு வீட்டில் உத்தரத்து இடுக்கில் குருவி கூடு கட்டும். அம்மா முறத்தில் அரிசி புடைத்தால் நொய்க்கு இறங்கி வரும். வேலைக்குச் சேர்ந்து, கடன் வாங்கி, அந்த வீட்டை இடித்து கான்கிரீட் போட்டது நான்தான். வாசலில் புல் முளைக்காதபடி சிமெண்ட் பூசியதும் நான்தான். டவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதில் நாம் எல்லோரும் வசதியாகத் தப்பித்துக்கொண்டோம்.

போன வருஷம் ஒரு மரப்பெட்டி மாட்டினேன், வாசல் சிமெண்டைக் கொஞ்சம் பெயர்த்தேன். குருவி இன்னும் வரவில்லை, அணில் வந்திருக்கிறது. அம்மா தினமும் அண்ணாந்து பார்க்கிறாள்.

கல்லூரியில் புதுக் கட்டடத்துக்கு நிதி திரட்டப் போகிறோம். என் பங்கைத் தருகிறேன். ஒரே வேண்டுகோள்: சுவரில் நாலு பொந்து விடுங்கள்.