தந்தையும் மகனும் கட்டிய பந்தயக் கார்



தந்தை மகனுக்குச் செய்ய வேண்டிய நன்மை எது, மகன் தந்தைக்குச் செய்யத்தக்க உதவி எது என்னும் இரு வினாக்களுக்கும் வள்ளுவர் மக்கட்பேறு என்னும் ஒரே அதிகாரத்தில் விடை கூறியிருக்கிறார். அக்குறட்பாக்களை நீங்கள் மனப்பாடமாகவே அறிவீர்கள். இன்று நான் எடுத்துக்கொள்வது அவ்விரண்டையும் அடுத்து எழும் மூன்றாவது வினா. தந்தையும் வளர்ந்த பிள்ளையும் தோளோடு தோள் நின்று ஒரே வேலையில் இறங்கினால் என்ன விளையும்? இதற்கு விடையாக ஒரு பந்தயக் காரின் வரலாற்றைச் சொல்லப் போகிறேன்.

பந்தயக் காருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். சென்னைக்கு மேற்கே நாம் வாழும் பகுதியைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை தோன்றியது. 1965இல் விஜயந்தா டாங்கிகள் அங்கிருந்து வெளிவரத் தொடங்கின. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களில் உருவாயிற்று. பாடியில் மோட்டார் வண்டிகளுக்குச் சக்கரமும் பிரேக்கும் மின்கருவிகளும் செய்யும் ஆலைகள் எழுந்தன. இவ்வட்டாரப் பள்ளிகளில் நான் கற்பித்த பிள்ளைகளில் பலர் லேத்துப் பட்டறைத் தொழிலாளரின் மக்கள். அவர்களிற் பலர் பின்னாளில் பொறியியல் பட்டம் பெற்றார்கள். ஆனால் பட்டம் வந்த வீட்டில் சில வேளைகளில் ஒரு சுவரும் எழுந்துவிடக் கண்டிருக்கிறேன். "அப்பாவுக்குக் கணக்குத் தெரியாது" என்பான் மகன். "இவனுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது" என்பார் தந்தை. இருவர் சொல்வதும் ஓரளவு உண்மையே. ஆகையால்தான் அந்தச் சுவர் எளிதில் இடிவதில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். இலண்டன் மாநகரின் தென்மேற்கே சர்பிட்டன் என்றொரு புறநகர் உண்டு. அங்கே சார்லஸ் கூப்பர் என்பவர் மோட்டார் பட்டறை நடத்திவந்தார். கே டான் என்ற புகழ்பெற்ற பந்தய வீரருக்கு மெக்கானிக்காக இருந்து தொழில் பழகியவர் அவர். அவருடைய மகன் ஜான் 1923இல் பிறந்தார். ஜான் சிறுவனாக இருந்தபோதே தந்தை அவருக்கு ஒரு சிறிய காரைத் தம் கையாலேயே அமைத்துக் கொடுத்தார். அது மகனுக்காகத் தந்தை செய்தது. மகன் வளர்ந்து, கருவிகள் செய்யும் தொழிலைப் பயின்று, போர் முடிந்த பின் 1946இல் இருவரும் சேர்ந்து மற்றொரு காரைக் கட்டினார்கள். அது மகனும் தந்தையும் கூடிச் செய்தது. முன்னதை விளையாட்டுப் பொருள் எனலாம். பின்னது உலகப் பந்தயக் கலையின் போக்கையே மாற்றியது.

போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் பெட்ரோலுக்கும் பங்கீடு, பொருள்களுக்கும் பஞ்சம். செல்வர் அல்லாதாரும் பந்தயத்தில் கலந்துகொள்ள வேண்டும் என்று கருதிய ஆர்வலர்கள், 500 கன சென்டிமீட்டர் மோட்டார் சைக்கிள் எஞ்சின் பூட்டிய சிறு கார்களுக்கென ஒரு பிரிவை வகுத்தார்கள். கூப்பர்கள் அந்தப் பிரிவுக்கு ஒரு கார் கட்ட முற்பட்டார்கள். புதிய உதிரிப் பாகங்கள் வாங்க வழியில்லை. ஆகவே ஃபியட் டோப்போலினோ என்னும் சிறு கார்கள் இரண்டின் முன்பாதிகளை வெட்டி எடுத்து, முதுகோடு முதுகாக வைத்துப் பற்றவைத்தார்கள். அதனால் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே மேடுபள்ளத்துக்கு ஏற்ப அசையும் அமைப்பு, முன்னும் பின்னும் ஒரே வகையாகக் கிடைத்துவிட்டது. ஜே.ஏ.பி. நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னே பொருத்தினார்கள். ஜானின் நண்பர் எரிக் பிராண்டனும் உடன் உழைத்தார். ஏறக்குறைய ஐந்தே வாரங்களில் வண்டி ஓடத் தயாராயிற்று.

எஞ்சினை ஏன் பின்னே வைத்தார்கள்? மோட்டார் சைக்கிள் எஞ்சின் சங்கிலியால் சக்கரத்தைச் சுழற்றுவது. சங்கிலி நீளமாக இருத்தல் கூடாது. எனவே ஓட்டும் சக்கரங்களுக்கு அருகில், பின்புறத்தில், எஞ்சினை வைப்பதே வசதியாக இருந்தது. காரணம் இவ்வளவுதான். ஆனால் வசதிக்காகச் செய்தது பெரும் பயனைத் தந்தது. எஞ்சின் முன்னே இருக்கும் பந்தயக் காரில், அதன் ஆற்றலைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்ல நீண்டதொரு தண்டு வேண்டும். அதற்கு இடம் விட்டு ஓட்டுநர் உயர்ந்து அமர நேரிடும். வண்டியும் உயரும், எடையும் கூடும். எஞ்சின் பின்னே போனால் அந்தத் தண்டு தேவையில்லை. ஓட்டுநர் தாழ அமரலாம். காற்றின் எதிர்ப்புக் குறையும். வளைவுகளில் வண்டி எளிதாகத் திரும்பும். 1930களில் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் கார்களிலும் எஞ்சின் பின்னேதான் இருந்தது. எனினும் போருக்குப் பின் அந்த முறையை நிலைநாட்டியவர்கள் சர்பிட்டன் பட்டறைக்காரர்களே.

1948இல் பதினெட்டு வயது இளைஞரான ஸ்டிர்லிங் மோஸ் ஒரு கூப்பர் காரில் தம் பந்தய வாழ்வைத் தொடங்கினார். அதே மோஸ் 1958இல் அர்ஜென்டினா கிராண்ட் பிரீயில் கூப்பர் காரை ஓட்டி வென்றார். உலகச் சாம்பியன் போட்டியில் ஓட்டுநருக்குப் பின்னே எஞ்சின் கொண்ட கார் பெற்ற முதல் வெற்றி அது. 1959, 1960 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆஸ்திரேலியரான ஜாக் பிராபம் கூப்பர் காரில் உலகச் சாம்பியன் ஆனார். 1959இன் கடைசிப் போட்டியில், இறுதிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்துபோக, அவர் இறங்கிக் காரைக் கையால் தள்ளிக்கொண்டே எல்லைக் கோட்டைக் கடந்து நான்காம் இடம் பெற்றார். அதன்பின் பெரிய நிறுவனங்களும் தம் எஞ்சின்களைப் பின்னுக்கு மாற்றிக்கொண்டன. அன்று முதல் உலகச் சாம்பியன் ஓட்டிய கார் ஒவ்வொன்றிலும் எஞ்சின் பின்னேதான் இருந்து வருகிறது.

இந்தத் தந்தையும் மகனும் எப்பொழுதும் ஒத்த கருத்தினராக இருந்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். சார்லஸ் சிக்கனக்காரர், கையில் உள்ளதை விட்டுப் புதியதற்குத் தாவத் தயங்குபவர். ஜானோ புதுமை நாட்டம் கொண்டவர். இருவரும் பட்டறையில் வாதாடியதுண்டு. ஆனால் அந்த வாதங்களைத் தீர்க்க ஒரு நடுவர் இருந்தார். அந்த நடுவர் அவர்கள் கட்டிய காரேயாகும். பற்றவைத்த இணைப்பு நிற்குமா நிற்காதா என்பதை வயது தீர்மானிப்பதில்லை, பட்டமும் தீர்மானிப்பதில்லை. ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். வீட்டில் "நான் சொல்வதைக் கேள்" என்று முடிகிற பேச்சு, பட்டறையில் "அளந்து பார்ப்போம்" என்று முடிகிறது. தோற்றவரும் மானம் இழப்பதில்லை. அடுத்த வேலைக்கு நகர்ந்துவிடுகிறார். சேர்ந்து செய்யும் வேலையின் பெரும் பயன் இதுவென்று நான் கருதுகிறேன்.

நம் ஊர்க் கதையும் இதற்குத் தொலைவில் இல்லை. செங்குன்றத்தை அடுத்த சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில், 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்வது அரிதாக இருந்த அக்காலத்தில், உள்ளூர்ப் பட்டறைகளில் மாற்றியமைத்த ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே ஓடின. கோவையின் கரிவர்தன் மாருதி காரின் எஞ்சினைக் கொண்டு பந்தயக் கார்களை உருவாக்கி, குறைந்த செலவில் இளைஞர் பயிலப் பாதை வகுத்தார். பந்தய வீரரான ஜி. ஆர். கார்த்திகேயனின் மகன் நரேன், 2005இல் பார்முலா ஒன்று போட்டியில் இறங்கிய முதல் இந்தியரானார். சென்னை அலிஷா அப்துல்லா மோட்டார் சைக்கிள் பந்தய வீரரான தம் தந்தையிடமே இக்கலையைப் பயின்றார். ஆகையால் நான் மகன் என்று கூறும் இடமெல்லாம் மகளையும் சேர்த்தே கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். பூந்தமல்லியைக் கடந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்றால் இருங்காட்டுக்கோட்டையில், 1990இல் திறக்கப்பட்ட 3.7 கிலோமீட்டர்ப் பந்தயத் தளம் இருக்கிறது. அங்கே வேகத்துக்கு விதி உண்டு, தலைக்கவசம் உண்டு, மருத்துவர் உண்டு. அந்தத் தளத்துக்குப் போகும் வழியில் உள்ள நெடுஞ்சாலையோ பந்தயத் தளம் அன்று. நள்ளிரவில் அங்கே பைக்குகளை விரட்டுவோர் தம் உயிரோடு வழிப்போக்கர் உயிரையும் பணயம் வைக்கிறார்கள். வேகத்தை விரும்புவது குற்றமன்று. அதற்குரிய இடத்தை அறியாமையே குற்றம்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் பந்தயக் கார் கட்ட வசதியிராது. பழுதான மிதிவண்டி இருக்கும். ஓடாத தண்ணீர் மோட்டார் இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்து வைத்து, உங்கள் தந்தையையோ தாயையோ துணைக்கு அழையுங்கள். படித்த கணக்கை நீங்கள் கொண்டு செல்லுங்கள். பழகிய கையை அவர்கள் கொண்டு வருவார்கள். எந்த மறையை முதலில் தளர்த்துவது என்று வாதாடுங்கள். பிறகு அளந்து பாருங்கள். மோட்டார் ஓடினாலும் ஓடாவிட்டாலும், இருவரும் ஒருவரை ஒருவர் முன்னைவிட நன்றாக அறிந்திருப்பீர்கள்.