துணிக்குச் சோதனை உண்டு, தோலுக்கு?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



திருப்பூரில் ஒரு சாயத் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஏற்றுமதித் துணியைச் செனான் விளக்கின் கீழே வைத்து, வெயிலில் சாயம் வெளுக்குமா என்று பார்ப்போம். கூடவே நீலக் கம்பளித் துண்டுகளை வைத்து ஒப்பிட்டு, 1 முதல் 8 வரை மதிப்பெண் போடுவோம். மதிப்பெண் குறைந்தால் சரக்கு திரும்பி வந்துவிடும்.

என் அம்மா இருபது வருஷம் சாயப்பட்டறைக் களத்தில் துணி காயப்போட்டவர். அவர் கைகளைப் பார்த்து ஒருநாள் யோசித்தேன். துணிக்கு மதிப்பெண் போடுகிற நாம், அதைக் காயப்போட்ட தோலுக்கு என்ன செய்தோம்?

செடிக்கும் இதே தொல்லைதான். வெயில் அதிகம் என்று அது நிழலுக்கு எழுந்து போக முடியாது. அதனால் இலையிலேயே கரோட்டினாய்டு நிறமிகளை வைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. தக்காளியின் சிவப்பான லைகோபீனும், கேரட், முருங்கைக் கீரையில் உள்ள பீட்டா கரோட்டினும் அந்தக் குடும்பமே. புற ஊதாக் கதிர் தோலில் பட்டால் வீரியமான ஆக்சிஜன் உருவாகிச் செல்களைக் கெடுக்கிறது. சாப்பாட்டின் வழியாகத் தோலில் போய்ச் சேரும் இந்த நிறமிகள் அதன் வேகத்தைத் தணிக்கின்றன.

2001இல் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகர ஆய்வாளர்கள் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். தினமும் 40 கிராம் தக்காளி விழுதும் 10 கிராம் ஆலிவ் எண்ணெயும் சாப்பிட்டவர்களுக்கு, விளக்கொளி பட்டுத் தோல் சிவப்பது 10 வாரத்தில் மற்றவர்களைவிட 40 சதவீதம் குறைவாக இருந்தது. நான்காம் வாரத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆக, இன்று தின்று நாளை பலன் கேட்கக் கூடாது!

லைகோபீன் கொழுப்பில் கரையும். வேகவைத்தால் உடம்பில் எளிதாகச் சேரும். எண்ணெய் பிரிய வதக்கும் நம் தக்காளித் தொக்கு வேறென்ன? விலை சரிந்தால் உடுமலைப் பக்கம் ரோட்டோரத்தில் கொட்டுகிறார்களே, அந்தத் தக்காளிதான்.

மாத்திரையைத் தேடி ஓடாதீர்கள். பின்லாந்தில் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்ட புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்று கூடியதாக 1994இல் தெரியவந்தது. காய்கறி வேறு, மாத்திரை வேறு.

தொக்கு குடையும் ஆகாது. மெல்லிய வெள்ளைப் பருத்தி பனியன்கூட, புற ஊதாக் கதிரில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை உள்ளே விட்டுவிடும். வியர்வையில் நனைந்தால் இன்னும் அதிகம். நெருக்கமாகப் பின்னிய, அடர் நிற முழுக்கைச் சட்டையே நல்லது.

இதையெல்லாம் சொன்னபோது அம்மா சிரித்தார்: “ஏஞ்சாமி, தக்காளி தின்னா கருக்காதா?”

“கருக்கறது குத்தமில்லீங்கம்மா, வேகறதுதான் குத்தம்” என்றேன்.

இங்கே பட்டறை வைத்திருக்கும் நண்பர்கள் பலர் இருக்கிறீர்கள். களத்துக்கு ஒரு கூரை, ஆளுக்கொரு முழுக்கைச் சட்டை, உச்சி வெயிலில் ஓய்வு, கேன்டீன் சாப்பாட்டில் கீரையும் தொக்கும். இவ்வளவுதான் நான் கேட்பது. நாளைக்கு முதலாளி ஆகப்போகும் தம்பி தங்கைகளும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.